இணைப்பை முதலில் தேடுங்கள்
செல்சுவர்ப் புரதங்களின் சர்க்கரைச் சங்கிலிகளில் கைவைக்கும் இளையோருக்கு

செல்சுவர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். தாவர செல்லின் சுவர் என்றதும் செல்லுலோஸ், பெக்டின் என்ற பள்ளிப் பாடம்தான் நினைவுக்கு வரும். அந்தச் சுவரில் புரதங்களும் இருக்கின்றன. அவை சுமக்கும் சர்க்கரை கொஞ்சநஞ்சமில்லை. எக்ஸ்டென்சின் என்ற புரதத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. அராபினோகாலக்டன் புரதங்களில் அது பத்தில் ஒன்பது பங்கையும் தாண்டிவிடும்.

புரதத்தின் அமினோ அமில வரிசையை மரபணுவில் வாசித்துவிடலாம். சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி ஓர் ஏடு கிடையாது. கோல்கி உறுப்பில் நொதிகள் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொரு சர்க்கரையை ஒட்டுகின்றன. எந்தச் சர்க்கரை, எந்த வளைய வடிவில், எந்தக் கார்பனில், ஆல்ஃபாவா பீட்டாவா என்று ஒவ்வொரு பிணைப்பையும் தனித்தனியாக நிரூபித்தாக வேண்டும். புத்தகப் படத்தில் நீங்கள் காணும் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு சோதனை இருக்க வேண்டும். அந்தச் சோதனை எது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், கீழே உள்ளவற்றில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

1. சங்கிலியின் நுனியிலிருந்து தொடங்காதீர்கள். சர்க்கரையும் புரதமும் சேரும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.

1960-ல் டெரெக் லாம்போர்ட்டும் நார்த்கோட்டும், ஊடகத்தில் வளர்த்த சிக்கமோர் மர செல்களின் சுவரில் ஹைட்ராக்ஸிபுரோலின் செறிந்திருப்பதைக் காட்டினார்கள். அதுவரை விலங்குகளின் கொலாஜனோடு சேர்த்தே பேசப்பட்டு வந்த அமினோ அமிலம் அது. அதைச் சுமந்த புரதத்தை, அதாவது எக்ஸ்டென்சினை, சுவரிலிருந்து பிரிக்க முடியவில்லை. அது கரையவே இல்லை. லாம்போர்ட் அதை முழுதாகக் கரைக்கும் முயற்சியோடு நின்றுவிடவில்லை. எதை உடைத்தால் எது மிஞ்சும் என்று யோசித்தார். சுவரை வலிமையான காரத்தில் கொதிக்க வைத்தால் புரதத்தின் பெப்டைடு பிணைப்புகள் அறுந்துவிடும். சர்க்கரைகளுக்கு இடையிலான பிணைப்புகள் காரத்தைத் தாங்கும். அமிலத்தில் வைத்தாலோ நடப்பது நேர்மாறு: சர்க்கரைதான் முதலில் உதிரும். காரத்தைத் தேர்ந்தெடுத்ததால் 1967-ல் அவர் கையில் கிடைத்தவை, ஹைட்ராக்ஸிபுரோலினின் ஆக்சிஜனில் நேரடியாக அராபினோஸ் ஒட்டிய சிறு துண்டுகள். புரதத்துக்கும் சர்க்கரைக்கும் இடையிலான பிணைப்பு அப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

நிறைவுற்ற பேரியம் ஹைட்ராக்சைடில், 105 டிகிரியில், 18 மணி நேரம் வைப்பது என்ற அந்த முறையை இன்றும் செய்கிறோம். பேரியத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். கந்தக அமிலம் விட்டு நடுநிலைப்படுத்தினால் அது பேரியம் சல்பேட்டாக வீழ்படிந்து போய்விடும். மாதிரியில் உப்பு மிஞ்சாது. முறைகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு மருந்தும் அங்கே ஏன் இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

2. ஒரு முறையில் தெரியாதது இல்லாதது ஆகிவிடாது.

மேலே சொன்ன காரமே இதற்குச் சரியான உதாரணம். எக்ஸ்டென்சினில் செரீனுக்கு அடுத்து நான்கு ஹைட்ராக்ஸிபுரோலின்கள் வரும் வரிசை திரும்பத் திரும்ப வரும். நான்கிலும் அராபினோஸ் சங்கிலி. முன்னால் நிற்கும் செரீனிலும் ஒற்றைக் காலக்டோஸ் ஒட்டியிருக்கிறது. ஆனால் காரச் சோதனையில் அது அகப்படாது. செரீனில் ஆக்சிஜன் இருப்பது பீட்டா கார்பனில். அங்கே ஒட்டிய சர்க்கரையைக் காரம் நீக்க வினையால் கழற்றிவிடும். ஹைட்ராக்ஸிபுரோலினில் ஆக்சிஜன் இருப்பது காமா கார்பனில். அங்கே அந்த வினை நடக்க வழியில்லை. ஒரே குடுவையில், ஒரே காரத்தில், ஒரு சர்க்கரை காப்பாற்றப்படுகிறது, இன்னொன்று தொலைகிறது.

1973-ல் லாம்போர்ட் குழு வேறு வழியில் போய் அந்தக் காலக்டோஸைப் பிடித்தது. முதலில் மென்மையான அமிலத்தில் அராபினோஸை மட்டும் உதிர்த்தார்கள். பிறகுதான் டிரிப்சின் நொதியால் புரதத்தை வெட்ட முடிந்தது. அராபினோஸ் இருந்தவரை நொதி நெருங்கவே முடியவில்லை என்பதும் ஒரு செய்திதான்: அந்தச் சிறு சங்கிலிகள் புரதத்துக்குக் கவசமாக இருக்கின்றன.

3. சிறிய சங்கிலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

நான்கே அராபினோஸ் கொண்ட துண்டில் என்ன இருக்கப் போகிறது என்று நினைக்கலாம். 1980-ல் அகியாமா, மோரி, கட்டோ ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் புகையிலை செல்களிலிருந்து எடுத்த துண்டுகளைக் கார்பன்-13 என்.எம்.ஆர். கொண்டு ஆராய்ந்தார்கள். ஹைட்ராக்ஸிபுரோலினை ஒட்டிய முதல் மூன்று அராபினோஸும் பீட்டா. இரண்டாவதும் மூன்றாவதும் முந்தையதன் 2-ஆம் கார்பனில் அமர்கின்றன. நான்காவது மட்டும் ஆல்ஃபா. அது 3-ஆம் கார்பனில் அமர்கிறது. இயற்கையில் அராபினோஸ் பெரும்பாலும் ஆல்ஃபாவாகவே கிடைக்கும் என்பதால், இந்த மூன்று பீட்டாக்கள் அரிய விஷயம்.

முப்பது ஆண்டுகள் கழித்து அரபிடாப்சிஸ் செடியில் நொதிகளைத் தேடியபோது அந்தப் படம் அப்படியே மெய்யானது. முதல் அராபினோஸை எச்.பி.ஏ.டி. நொதிகள் வைக்கின்றன, இரண்டாவதை ஆர்.ஆர்.ஏ.; மூன்றாவதை எக்ஸ்.இ.ஜி.113, நான்காவதை எக்ஸ்.ஏ.டி. பிணைப்பு மாறும் இடங்களிலெல்லாம் நொதியும் மாறுகிறது. வேதியியலர் பிணைப்புகளைச் சரியாகச் சொல்லி வைத்ததால்தான் மரபியலர் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து தேடினார்கள். இந்த வரிசையில் நொதி ஒன்று பழுதானால் வேர்த்தூவிகள் குட்டையாகிவிடுகின்றன. 2011-ல் அது தெளிவாகக் காட்டப்பட்டது.

அராபினோஸ் சுவரோடு நிற்பதுமில்லை. தண்டு நுனியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சி.எல்.வி.3 என்ற சிறு பெப்டைடிலும் ஹைட்ராக்ஸிபுரோலினில் மூன்று அராபினோஸ்கள் ஒட்டியிருப்பதை 2009-ல் மட்சுபயாஷி குழு கண்டது. 2015-ல் தக்காளியில் இன்னொரு செய்தி வந்தது: இந்த அராபினோஸை ஒட்டும் நொதி பழுதான செடியில் வளர்நுனி பெருத்து, பூவில் இதழ்களும் பழத்தில் அறைகளும் கூடிவிடுகின்றன. மூன்று சர்க்கரையின் கதை பழத்தின் அளவு வரை போகிறது.

4. அராபினோஸை அதன் வளைய வடிவோடு நினைவில் வையுங்கள்.

இங்கே அது ஐந்தணு வளையமான ஃபியூரனோஸ் வடிவில் இருக்கிறது. அதனால் மிக எளிதில் அமிலத்தில் உதிரும். மாதிரியைக் கொஞ்சம் அமிலத்தன்மையோடு சூடாக்கி உலர்த்தினாலே நுனிகளை இழந்துவிடுவீர்கள். பிறகு வரும் எண்கள் அத்தனையும் இல்லாத மூலக்கூறைப் பற்றியவை. இதற்கு எதிர்க்கோடியில் நிற்பது குளுக்குரோனிக் அமிலம். அது காலக்டோஸோடு கொண்ட பிணைப்பு, இரண்டு மோலார் டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலத்தையும் பெருமளவு தாங்கி நிற்கும். ஒரே நீராற்பகுப்பில் இரண்டையும் சரியாக எண்ணிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். குளுக்குரோனிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியை முதலில் ஒடுக்கிக் குளுக்கோஸாக்கி, தனியே அளவிடுங்கள். அப்படிச் செய்யும்போது டியூட்டீரியம் கொண்ட ஒடுக்கியைப் பயன்படுத்தினால், மாதிரியில் முன்பே இருந்த குளுக்கோஸிலிருந்து அது வேறுபட்டுத் தெரியும்.

என்.எம்.ஆரில் முதல் கார்பனின் இடத்தைப் பாருங்கள். ஆல்ஃபா அராபினோஃபியூரனோஸ் 110-க்கு அருகில் நிற்கும். பீட்டா 102-ஐ ஒட்டி நிற்கும். இந்த இரண்டு எண்களும் உங்களுக்குத் தூக்கத்திலும் நினைவிருக்கட்டும்.

5. யாரிவ் சாயத்தை நேசியுங்கள், ஆனால் அது சொல்லாததை அதன் வாயில் போடாதீர்கள்.

1960-களில் யாரிவ் உருவாக்கிய இந்தச் செந்நிறச் சாயம், அராபினோகாலக்டன் புரதத்தைக் கண்டால் வீழ்படிவாகச் சேர்ந்து இறங்கும். நடுவில் ஒரு வளையம், மூன்று கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு சர்க்கரை. அந்தச் சர்க்கரை பீட்டா குளுக்கோஸாகவோ பீட்டா காலக்டோஸாகவோ இருந்தால் வேலை செய்யும். ஆல்ஃபாவாக இருந்தால் செய்யாது. ஆகவே ஒவ்வொரு சோதனையிலும் ஆல்ஃபா சாயத்தையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அது இல்லாத யாரிவ் படத்தை நான் படிப்பதில்லை.

சாயம் எதைப் பிடிக்கிறது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 2013-ல் கிட்டஸாவா, சுமுராயா முதலியோர் தெளிவாக்கினார்கள்: அது பிடிப்பது பீட்டா 1,3 பிணைப்பில் தொடரும் காலக்டோஸ் முதுகெலும்பை; அதுவும் ஐந்துக்கும் மேற்பட்ட காலக்டோஸ் தொடர்ந்து இருந்தால்தான். வெளியே தொங்கும் அராபினோஸைப் பற்றிச் சாயம் எதுவும் சொல்வதில்லை. இதே விதி எதிர்ப்பொருள்களுக்கும் பொருந்தும். ஜிம்13, எல்.எம்.2 என்று பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் சர்க்கரைச் சங்கிலியின் ஒரு சிறு மூலையைத்தான் அறியும். ஒளிர்வு மறைந்தால் புரதமே போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். அந்த மூலை மட்டும் மாறியிருக்கலாம்.

6. இரண்டு படங்கள் முரண்பட்டால், இரண்டையும் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அராபினோகாலக்டனின் பொது அமைப்பில் சண்டை இல்லை. பீட்டா 1,3 காலக்டோஸ் முதுகெலும்பு. அதிலிருந்து பீட்டா 1,6 காலக்டோஸ் கிளைகள். கிளைகளில் அராபினோஸ், குளுக்குரோனிக் அமிலம். செடிக்கேற்ப ராம்னோஸ், ஃபியூகோஸ், சைலோஸ். சண்டை எல்லாம் இந்தத் துண்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான்.

1983-ல் ஆஸ்திரேலியாவில் ஃபின்ச்சர், ஸ்டோன், கிளார்க் மூவரும் வரைந்த படத்தில் மூலக்கூறு வேலம்பூ மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது. 1991-ல் கீ, ஃபோங், லாம்போர்ட் மூவரும் சூடானில் கிடைக்கும் அரபிப் பிசினின் கிளைக்கோபுரதத்தை ஆராய்ந்து, முறுக்கிய, மயிர் நிறைந்த கயிறு போன்ற படத்தை முன்வைத்தார்கள். இரண்டு படங்களும் பாடப்புத்தகங்களில் அருகருகே அச்சாகி வருகின்றன. மாணவர்கள் எது அழகோ அதைத் தேர்ந்தெடுத்துக் கொள்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வெவ்வேறு செடி, வெவ்வேறு புரதம், வெவ்வேறு முறை.

முதுகெலும்பு விஷயத்தில் முரண் இன்னும் கூர்மையானது. அகேசியா பிசின்களைப் பெர்அயோடேட்டால் படிப்படியாகச் சிதைத்துப் பார்த்த கேப் டவுனின் ஸ்டீஃபனும் சர்ம்ஸும், ஒத்த அளவுள்ள 1,3 காலக்டோஸ் துண்டுகள் மிஞ்சுவதைக் கண்டார்கள். 1,3 பிணைப்பைப் பெர்அயோடேட் தொடாது, 1,6 பிணைப்பை வெட்டிவிடும். ஆகவே முதுகெலும்பில் சீரான இடைவெளியில் ஏதோ ஓர் ஒடிவு இருக்க வேண்டும். 2010-ல் டான், கீலிஷெவ்ஸ்கி குழு, புகையிலை செல்களில் தயாரித்த ஒரு செயற்கைப் புரதத்தின் சங்கிலியை என்.எம்.ஆரில் முழுதாக வரிசைப்படுத்தி, மூன்று மூன்று காலக்டோஸ் தொகுதிகளுக்கு இடையே 1,6 வளைவு இருப்பதாகச் சொன்னது. இப்போது மேலே சொன்ன யாரிவ் முடிவை நினைத்துப் பாருங்கள். மூன்றே காலக்டோஸில் வளைந்துவிடும் முதுகெலும்பைச் சாயம் எப்படிப் பிடிக்கும்? இரண்டு முடிவுகளும் கவனமான கைகளிலிருந்து வந்தவை. எல்லா அராபினோகாலக்டன்களும் ஒரே மாதிரி இல்லை என்றே நான் நினைக்கிறேன். சிறிய சங்கிலியில் கிடைத்த விதியைப் பெரிய சங்கிலிக்கு நீட்டுவதற்கு முன் பெரிய சங்கிலியையே உடைத்துப் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு ஆட்கள் தேவை. உங்களில் யாராவது எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

7. நுனிகளையும் கிளைகளையும் எண்ணுங்கள்.

மெத்திலேற்றப் பகுப்பாய்வில் ஒவ்வொரு சர்க்கரையும் எங்கெங்கே பிணைந்திருந்தது என்று தெரியவரும். அந்த அட்டவணை வந்ததும் வரவு செலவுக் கணக்குப் போலச் சரிபாருங்கள்: ஒவ்வொரு கிளைப் புள்ளிக்கும் ஒரு நுனிச் சர்க்கரை இருந்தாக வேண்டும். கிளைகள் கூடி நுனிகள் குறைந்தால், மெத்திலேற்றம் முழுமையாகவில்லை என்றோ, நுனியில் இருந்த அராபினோஸ் ஆவியாகிப் போனது என்றோ பொருள். கணக்கு ஒத்துவராத அட்டவணையைக் கொண்டு படம் வரைய வேண்டாம்.

8. அழுக்கா, உறவா என்று தீர்மானிப்பதற்கு முன் பலமுறை கழுவுங்கள்.

உங்கள் புரதத்தோடு காலக்டூரோனிக் அமிலம் வந்தால் பெக்டின் ஒட்டிக்கொண்டது என்று சொல்லித் தள்ளிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது சரியும்கூட. 1,4 பிணைப்பில் காலக்டோஸ் தெரிந்தால் அது பெக்டின் பக்கக்கிளை; 1,5 பிணைப்பில் அராபினோஸ் தெரிந்தாலும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் 2013-ல் டான் முதலியோர் அரபிடாப்சிஸ் செல் ஊடகத்தில் ஏ.பி.ஏ.பி.1 என்ற புரதத்தைப் பிரித்தபோது, எவ்வளவு சுத்தம் செய்தாலும் பெக்டினும் அராபினோசைலனும் விலகவில்லை. அராபினோகாலக்டன் வழியாக அவை சகப்பிணைப்பில் சேர்ந்திருந்தன.

இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1973-ல், கொலராடோவில் கீக்ஸ்ட்ராவும் ஆல்பர்ஷைமும் சிக்கமோர் சுவரின் படத்தை வரைந்தபோது, சைலோகுளூக்கன், பெக்டின், அராபினோகாலக்டன், புரதம் எல்லாவற்றையும் தொடர் பிணைப்பில் கோத்துக் காட்டினார்கள். அந்தப் படத்தில் பல கோடுகளுக்குப் பின்னால் வந்த ஆதாரம் துணை நிற்கவில்லை. இருந்தாலும் செல்சுவரை ஒரு மூலக்கூறாக நினைக்கக் கற்றுக்கொடுத்தது அந்தப் படம்தான். துணிந்து வரையுங்கள், எது சோதனை, எது ஊகம் என்று கோட்டின் நிறத்திலேயே காட்டிவிடுங்கள்.

9. நீரற்ற ஹைட்ரஜன் ஃப்ளூரைடைத் தனியே தொடாதீர்கள்.

மார்ட்டும் லாம்போர்ட்டும் 1977-ல் காட்டிய இந்த முறை பூஜ்ய டிகிரியில் சர்க்கரைகளை உதிர்த்துப் புரதத்தை முழுதாக விட்டுவைக்கும். அதற்கு மாற்றான நல்ல வழி குறைவு. ஆனால் அது கண்ணாடியை அரிக்கும், தோலைக் கடந்து எலும்பு வரை போகும். டெஃப்ளான் கருவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, பக்கத்தில் பழகிய ஓர் ஆள்: மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அன்றைக்கு வேண்டாம்.

10. வரிசையிலிருந்து சர்க்கரையை ஊகிக்கலாம். ஊகம் என்று சொல்லிவிட்டு ஊகியுங்கள்.

கீலிஷெவ்ஸ்கியும் லாம்போர்ட்டும் 1994-ல் ஒரு விதியை முன்வைத்தார்கள். ஹைட்ராக்ஸிபுரோலின்கள் அடுத்தடுத்து வந்தால் குட்டையான அராபினோஸ் சங்கிலி. அலனீனோ செரீனோ இடையில் புகுந்து ஒன்றுவிட்டு ஒன்று வந்தால் பெரிய அராபினோகாலக்டன். 1999-ல் கீலிஷெவ்ஸ்கி குழு செயற்கை மரபணுக்களைச் செய்து புகையிலை செல்களில் போட்டுப் பார்த்தது; விதி நன்றாகவே நின்றது. இன்று மென்பொருள் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு இந்த விதியைப் பயன்படுத்திச் சர்க்கரை ஒட்டிவிடுகிறது. அதில் ஒன்றையாவது நீங்கள் பிரித்தெடுத்துச் சோதியுங்கள். புல்லினங்களில் ஹைட்ராக்ஸிபுரோலின் பலவும் சர்க்கரை இல்லாமலே இருப்பதைப் பார்ப்பீர்கள்.

11. பயன் என்ன என்ற கேள்வியை அமைப்புத் தெரிந்த பிறகு கேளுங்கள்.

1984-ல் வான் ஹோல்ஸ்ட்டும் வார்னரும், கேரட் வேரின் எக்ஸ்டென்சினில் சர்க்கரையை நீக்கினால் பாலிபுரோலின் இரண்டாம் வகைச் சுருள் குலைவதைக் காட்டினார்கள். புரதம் கோல் போல நிமிர்ந்து நிற்பதில் அந்தக் குட்டை அராபினோஸ்களுக்குப் பங்கு உண்டு. 2013-ல் லாம்போர்ட்டும் வார்னாயும், அராபினோகாலக்டனில் இணையிணையாக நிற்கும் குளுக்குரோனிக் அமிலங்கள் கால்சியத்தைப் பிடித்து வைத்திருந்து, வேண்டும்போது விடுவிக்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார்கள். 2020-ல் குளுக்குரோனிக் அமிலம் குறைந்த அரபிடாப்சிஸ் செடிகளில் கால்சியப் பிடிப்பும் குறைந்து, வளர்ச்சியும் கோணலானது தெரியவந்தது. எந்த அமிலம் எந்தக் கார்பனில் என்று முன்பே எழுதி வைக்காதிருந்தால் இப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது.

12. பழகுவதற்கு நாட்டுமருந்துக் கடைப் பிசின் போதும். பொட்டலத்தின் பெயரை நம்ப வேண்டாம்.

சூடானின் அரபிப் பிசினும் நம் ஊர்க் கருவேலம் பிசினும் உறவு மரங்களிலிருந்து வருபவை. இரண்டிலும் அராபினோகாலக்டன் உண்டு. கடையில் ஒரே பெயரில் விற்பார்கள். ஒளிச்சுழற்சியை அளந்தால் தெரிந்துவிடும்: சூடான் பிசின் இடப்பக்கம் திருப்பும், கருவேலம் பிசின் வலப்பக்கம் திருப்பும். விலை உயர்ந்த மாதிரியில் கை வைப்பதற்கு முன் யாரிவ், நீராற்பகுப்பு, மெத்திலேற்றம் மூன்றையும் இதில் செய்து கை பழகுங்கள்.

13. முதல் பரிசோதனையாக இதைச் செய்யுங்கள்.

தக்காளித் தண்டிலிருந்தோ வளர்ப்பு செல்களிலிருந்தோ சுவரைத் தயாரித்து, உப்பு நீரில் நன்கு கழுவி, பேரியம் ஹைட்ராக்சைடில் உடையுங்கள். கேட்டயான் பரிமாற்றப் பிசின் நிரப்பிய குழாயில் விட்டால், பெரிய சங்கிலி ஒட்டியவை முதலில் வெளியேறும், பிறகு நான்கு அராபினோஸ் கொண்டது, மூன்று, இரண்டு, ஒன்று, கடைசியாக வெறும் ஹைட்ராக்ஸிபுரோலின். எர்லிக் வினைப்பொருள் விட்டு 560 நானோமீட்டரில் ஒவ்வொன்றையும் அளவிடுங்கள். தக்காளியில் நான்கு அராபினோஸ் சிகரமே உயர்ந்து நிற்க வேண்டும். அதே வேலையை மக்காச்சோளத்தில் திரும்பச் செய்யுங்கள். இரண்டு வரைபடங்களையும் ஒரே தாளில், ஒரே அளவுகோலில் வரைந்து எடுத்துக்கொண்டு வாருங்கள். அதை வைத்துக்கொண்டு பேசலாம்.